வாசலில் நின்ற கவலை

அரைப்பனையூரில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே கிடையாது என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். வெளியூர்க்காரர் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் பூலிங்கம் என்று ஒரு கோரைப்பாய் வியாபாரி இருந்தான். ஊரே அவன் விற்ற பாயில் விழுந்து குறட்டை விடும். அவனுக்கு மட்டும் தூக்கம் வராது.

தூக்கம் வராததால் கல்யாணமும் கூடி வரவில்லை. போன தடவை ஒரு பெண்ணின் அப்பா மாப்பிள்ளை பார்க்க வந்து, "தம்பிக்கு என்ன வருமானம்?" என்று கேட்ட இடத்திலேயே பூலிங்கத்துக்குக் கண் சொருகி, முகம் கேசரித் தட்டில் பதிந்துவிட்டது. வந்தவர் கை கழுவாமலே எழுந்து போனார். இப்போது பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். பூலிங்கத்துக்கு நாற்பது நெருங்குகிறது. இதையும் கோட்டைவிட்டால் ஆயுசுக்கும் ஒற்றைப் பாய்தான்.

அவனோடு பாய் சுமக்கும் தவசிக்கண்ணுவும் நயினாரும் அவனைச் சித்த வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனார்கள். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார்.

"மருந்தே வேண்டாம்பா. பொழுது சாஞ்சதும் வீட்டை இருட்டாக்கு. படுக்கும்போது இளஞ்சூடா பால் குடி. எதையும் நினைக்காதே. முக்கியமா, கவலையை வாசலுக்கு வெளியே நிறுத்திட்டுப் படு."

வழி நெடுக மூவரும் அதை ஒப்பித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்கள்.

பொழுது சாய்ந்தது. நயினார் ஜன்னலையெல்லாம் பாயால் மறைத்து விளக்கை அணைத்தான்.

"ஏலே, நல்லா இருட்டிட்டா?" என்றான் தவசிக்கண்ணு.

"ஒண்ணும் தெரியலையே. விளக்கை ஏத்திப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

ஏற்றிப் பார்த்தார்கள். இருட்டாக இல்லை. அணைத்தார்கள். மறுபடியும் சந்தேகம் வந்தது. தீப்பெட்டி காலியான பிறகுதான் வீட்டில் இருட்டு நிலையாகத் தங்கியது.

அடுத்தது பால். பூலிங்கம் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினான்.

"உக்காந்தா குடிக்கப் போறே? படுக்கும்போதுன்னுல்லா வைத்தியர் சொன்னாரு!" என்று தவசிக்கண்ணு அவனைச் சாய்த்துப் போட்டு, இருட்டில் குத்துமதிப்பாக ஊற்றினான். பாதி மூக்கிலும் மீதி காதிலும் போயிற்று. பூலிங்கம் தும்மிக்கொண்டே, "இளஞ்சூடுதான்" என்றான். அவனுக்கு வைத்தியத்தில் குறை சொல்லிப் பழக்கமில்லை.

"இப்ப என்னலே நினைக்கே?" என்று கேட்டான் நயினார்.

"ஒண்ணும் நினைக்கல."

"நினைக்கலேன்னு எப்படித் தெரியும்?"

"நினைச்சுப் பாத்தேன்."

"கெடுத்தே காரியத்தை! சரி, முக்கியமானதை விட்டுட்டோம். உன் கவலை எது?"

பூலிங்கம் மனம்விட்டுச் சொன்னான். "பொண்ணுக்கு அப்பாதான். அவரை நினைச்சாலே நெஞ்சு படபடங்குது."

"அப்ப அவருதான் வெளியில நிக்கணும்."

"அவரு நாளைக்குல்லா வாராரு? வராத ஆளை எப்படி நிறுத்துறது?"

மூவரும் அந்த இருட்டில் தலையைச் சொறிந்தார்கள். அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

"பூலிங்கம் வீடுதானே? நான் பொண்ணுக்கு அப்பா. காலையில பஸ் ஓடாதாம். அதான் இப்பவே வந்துட்டேன்."

பூலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தேடிப் போக வேண்டிய கவலை தானாக வாசலுக்கே வந்து நிற்கிறது! வைத்தியருக்கு எப்பேர்ப்பட்ட கைராசி!

தவசிக்கண்ணு கதவிடுக்கில் வாயை வைத்து, "அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீய. நீங்க வெளியிலதான் நிக்கணும்" என்றான்.

"மழை தூறுது தம்பி!"

"நனைஞ்சா ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி. மாப்பிள்ளை தூங்கணும்."

நயினாருக்கு மனசு கேட்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு புதுப்பாயை நீட்டினான். வந்தவர் அதை விரித்தாரா, வீசினாரா என்று இருட்டில் தெரியவில்லை. பேசியது மட்டும் நன்றாகக் கேட்டது. எங்கள் ஊரைப் பற்றி அவர் சொன்னதில் பாதியை எழுத முடியாது, மீதி உண்மை.

அந்த வசவைக் கேட்கக் கேட்கப் பூலிங்கத்துக்கு உடம்பு லேசாயிற்று. கவலை வெளியில்தான் நிற்கிறது, சந்தேகமே இல்லை. அப்படியே தூங்கிப்போனான்.

காலையில் கண் தெளிந்து, முகம் மலர்ந்து எழுந்தான். "கவலை இன்னும் நிக்கா?"

"போயிட்டு. இந்த வாசலை இனிமே மிதிக்கவே மாட்டேன்னு குலசாமி மேல சத்தியம் பண்ணிட்டுப் போயிருக்கு!" என்றான் தவசிக்கண்ணு.

பூலிங்கம் இருவரையும் கட்டிக்கொண்டான். பிறகு குளித்து, சலவை வேட்டி கட்டி, கேசரி கிண்டி வைத்துப் பெண்ணின் அப்பாவுக்காகக் காத்திருந்தான். உச்சிப்பொழுதாகியும் அவரைக் காணோம்.

"ஏம்லே வரல?" என்று தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

நயினார் நிதானமாக யோசித்தான். "பொண்ணைப் பெத்த மனுசன். அவருக்கும் நம்மளைப் பத்திக் கவலை இருக்கும்லா? ராத்திரி பூரா தூங்கியிருக்க மாட்டாரு. பின்னே காலையில எப்படி எந்திரிச்சு வருவாரு?"

பூலிங்கத்துக்குச் சுருக்கென்றது. மாமனாராகப் போகிறவருக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

பொழுது சாய்வதற்குள் மூவரும் பக்கத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த பெண்ணின் அப்பா, அவர்களைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினார்.

"உள்ள கூப்பிட்டுராதீய மாமா," என்று பூலிங்கம் பணிவாகக் கும்பிட்டான். "நாங்க இங்கனயே நிக்கோம். நீங்க கதவைச் சாத்திட்டு நிம்மதியாப் படுங்க."