சபரி வேன் ஏறும் படம்

"பொம்மையவே காணோம் கண்ணு. எல்லாப் போட்டோலயும் என்ற கைதான் தெரியுது."

மயிலாத்தாள் செல்போனை நீட்டினாள்.

பெனாசிர் வாங்கிப் பார்த்தாள். பொம்மைகளை வைத்துக் குறும்படம் எடுப்பவள் அவள். பொம்மையைத் துளி நகர்த்தி ஒரு போட்டோ, இன்னும் துளி நகர்த்தி இன்னொரு போட்டோ. எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் பொம்மை தானாக நடக்கும்.

வயதில் மயிலாத்தாளுக்குப் பாதிதான். ஆனாலும் அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மயிலாத்தாள் கையை முந்தானையில் துடைத்துக்கொள்வாள். பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற கைக்கு இதெல்லாம் வருமா?

"ஏனக்கா கைய எடுக்கல?"

"எடுத்தா விழுந்துருதே."

பெனாசிர் எழுந்து டீ போடப் போய்விட்டாள்.

எப்போதும் இப்படித்தான். கேட்டால் பதில் வராது. டீ வரும்.

பொம்மை, மயிலாத்தாளின் மகன் சபரி. கம்பியில் பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றி, நீலச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். நிஜச் சபரிக்கு இருபது வயது. விவரம் மட்டும் சின்னப் பிள்ளைக்கு உள்ளதுதான். தினமும் தெருமுனையில் வேன் ஏறி, அவனைப் போன்ற பிள்ளைகள் காகிதக் கவர் ஒட்டும் கூடத்துக்குப் போவான். அங்கே போனால்தான் அவனுக்குச் சிரிப்பு.

ஆனால் அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப்போனால்தான் போவான். இல்லையென்றால் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவான்.

இப்போது கம்பெனியில் நேரத்தை மாற்றிவிட்டார்கள். வேன் வருமுன் அவள் உள்ளே இருக்க வேண்டும். வேலையை விட்டால் சோறில்லை. அவனை வீட்டில் வைத்துப் பூட்டவா முடியும்?

தனியாகப் போகச் சொன்னால் சபரிக்கு ஏறாது. கண்ணால் பார்த்தால் பிடித்துக்கொள்வான். அதற்குத்தான் இந்தப் படம்.

டீயோடு வந்த பெனாசிர், மயிலாத்தாள் கொண்டுவந்திருந்த பொம்மையைத் தெர்மாகோல் அட்டையில் நிறுத்தி, அடியிலிருந்து ஒரு குண்டூசியை அதன் பாதத்தில் குத்தினாள். பொம்மை நின்றது.

"அட! இத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"மொதல்லயே கேட்டீங்களா?"

மயிலாத்தாள் வீட்டுக்குப் போய் மறுபடி எடுத்தாள். ஒரு பாதத்தில் ஊசி, மறு பாதம் காற்றில். பொம்மை நடந்தது. நடந்ததென்றால், பேய் பிடித்தது போல நடந்தது. ஜன்னல் வெயில் வருவதும் போவதுமாக, படம் மின்மினி போலக் கண் சிமிட்டியது.

திரும்ப வந்தாள்.

"இது என்ன கண்ணு, மின்னல் வெட்டுது?"

பெனாசிர் ஜன்னலைச் சாத்தி, குண்டு பல்பைப் போட்டாள். அவ்வளவுதான் பாடம்.

ஞாயிற்றுக்கிழமை பெனாசிர் வீட்டில் கடைசிக் காட்சி. அட்டை வேன். அதன் படியில் பொம்மை கால் வைக்க வேண்டும். ஊசியை மாற்றிக் குத்தி, கையை எடுத்தாள் மயிலாத்தாள்.

பொம்மை குப்புற விழுந்தது.

அவள் தாவிப் பிடிக்கப் போனாள். அதற்குள் பெனாசிர் போட்டோவை எடுத்துவிட்டாள்.

"அய்யோ, விழுந்ததப் போய் எடுத்துட்டியே! அழிச்சுரு கண்ணு. அவன் பாத்தா பயந்துக்குவான்."

"விழுந்தவன் அடுத்த போட்டோவுல என்ன பண்ணுவான்?"

"என்ன பண்ணுவான்?"

பெனாசிர் டீ போட எழுந்தாள்.

மயிலாத்தாள் விழுந்து கிடந்த பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதன் ஒரு முழங்கையை மெதுவாக ஊன்ற வைத்தாள். கையை எடுத்தாள். ஒரு போட்டோ. முதுகைத் துளி நிமிர்த்தினாள். ஒரு போட்டோ. டீ ஆறிப்போய் ஆடை கட்டிய பிறகுதான் பொம்மை எழுந்து வேன் ஏறி முடித்தது.

திங்கட்கிழமை காலையில் சபரியிடம் காட்டினாள். கம்பெனிக்கு அரைநாள் லீவு சொல்லியிருந்தாள். பெனாசிரும் வந்திருந்தாள்.

சபரி பார்த்தான். நீலச் சட்டையைத் தொட்டுக் காட்டினான். பொம்மை விழுந்தபோது கைகொட்டிச் சிரித்தான். மறுபடி ஓட்டச் சொன்னான். மறுபடி.

பிறகு முகம் சுருங்கியது.

"அம்மா எங்க?"

இதைப் பற்றி மயிலாத்தாள் யோசிக்கவே இல்லை. பெனாசிரைத் திரும்பிப் பார்த்தாள்.

பெனாசிர் டீ போட எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். அது அவள் வீடில்லை.

சபரி போனைப் புரட்டி, பின்பக்கத்துக் கேமராவை விரலால் தடவினான். அம்மாவைப் பார்த்தான்.

"அம்மா படம் புடிக்குது," என்றான்.

தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது.

சபரி போனை அவள் கையில் திணித்தான்.

"இப்பப் புடி," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

மயிலாத்தாள் போனைத் தூக்கிப் பிடித்தாள். அவன் தலையும் காலும் முழுசாகத் தெரிய, அவள் இரண்டு எட்டுப் பின்னால் போக வேண்டியிருந்தது.