பதினாறாம் நாள் பரிமாறியவர்

சீடர் தணிகாசலத்துக்கு எழுபத்தொரு வயது. குருவுக்கு நாற்பது. அவர் குருவை "அம்மா" என்பார். குரு அவரை "ஐயா" என்பார்.

மனைவி குணவதி இறந்த முப்பத்துநான்காம் நாள், தணிகாசலம் ஒரு துணிப்பையோடு ஆசிரமத்துக்கு வந்தார்.

"இங்கேயே இருந்துடறேன், அம்மா. சமையல்கட்டுல ஏதாவது வேலை கொடுங்க. வீட்டைப் பூட்டிட்டு வந்துட்டேன்."

அடுத்த பஸ்ஸில் அவர் மகள் அரசி வந்து இறங்கினாள். நோயில் கிடந்த தாயைப் பார்த்துக்கொள்ள வந்து, அந்த வீட்டிலேயே தங்கிவிட்டவள்.

"பூட்டினார்," என்றாள். "நான் உள்ள இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்தான் பூட்டை உடைச்சார்."

"கவனிக்கலைம்மா," என்றார் தணிகாசலம்.

குரு இருவரையும் உட்காரச் சொன்னார்.

"வீட்டுல என்ன குறை, ஐயா?"

"பேச ஆளில்லை. நாற்பத்தெட்டு வருஷம் குடும்பம். அதுல நாற்பது வருஷம் ஊர் வேலை. எந்த வீட்டுல சாவு விழுந்தாலும் ஓடுவேன். பந்தல், பாடை, ஐஸ்பெட்டி எல்லாம் நான்தான். எத்தனை பேருக்குத் துக்கம் கேட்டிருக்கேன்! என்கிட்ட ஒருத்தர் வந்து கேட்கலை."

"ஒருத்தருமா?"

"வந்தாங்க. நாற்காலி போட்டேன். காபி கொடுத்தேன். போயிட்டாங்க."

அரசி சிரித்துவிட்டாள். "பதினாறாம் நாள் விருந்துல சாம்பார் வாளியைத் தூக்கிட்டார், அம்மா. சித்தி முன்னால நின்னு, 'கூச்சப்படாம கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க'ன்னார். அவங்க இலையிலயே அழுதாங்க. இவர் அடுத்த இலைக்குப் போயிட்டார்."

"பழக்கம்," என்றார் தணிகாசலம். "கை சும்மா இருந்தா பயமா இருந்தது."

சாப்பாட்டு வேளை வந்தது. தணிகாசலம் எழுந்தார். குரு அவர் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். அப்பாவுக்கும் மகளுக்கும் இரண்டு இலை போட்டு, தானே பரிமாறி, எதிரில் அமர்ந்தார்.

"சொல்லுங்க, ஐயா. எப்படிப் போனாங்க?"

தணிகாசலம் சோற்றைப் பிசைந்தார். வாயில் வைக்கவில்லை.

"பக்கத்து ஊர்ல ஒரு சாவு. பாடை கட்டிக்கிட்டு இருந்தேன். சட்டைப்பையில போன் அடிச்சுது. ரெண்டு கையிலயும் கயிறு. முடிச்சுட்டுப் பார்க்கலாம்னு விட்டுட்டேன்."

"அப்புறம்?"

"சாவு வீட்டுலேர்ந்து எப்ப வந்தாலும், கொல்லையில வெந்நீரும் மாத்து வேட்டியும் வச்சிருப்பா. அன்னிக்குக் கொல்லை வழியா வந்தேன். வெந்நீர் இல்லை. அப்பத்தான் தெரிஞ்சுது."



"கடைசியா ஏதாவது சொன்னாங்களா?"

"தெரியாது."

"தண்ணி கேட்டாங்களா?"

"தெரியாதும்மா. நான் இல்லையே."

"யார் இருந்தது?"

தணிகாசலம் வாய் திறந்தார். பக்கத்து இலையைப் பார்த்தார். அரசியும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"முப்பத்துநாலு நாள் ஆயிடுச்சு," என்றார் மெதுவாக. "இப்பப் போய் எப்படிக் கேட்கிறது?"

அரசி இலையைப் பார்த்தபடியே சொன்னாள்: "எல்லாரும் என்கிட்ட, 'அப்பா சாப்பிட்டாரா'ன்னுதான் கேட்டாங்க."

சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"நான் கேட்டா இவ சொல்லுவாளா, அம்மா?"

"தெரியாது, ஐயா."

"சொல்லலைன்னா?"

குரு எழுந்து, துணிப்பையை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தார்.

"நாளைக்கும் கேளுங்க."