சுடர் அசையாத பாட்டு

"இந்தப் பாட்டுல என்னுதுன்னு என்னக்கா இருக்கு?"

பகவதி இதைக் கேட்டப்ப ரெஜினா வேர்க்கடலை உரிச்சுக்கிட்டு இருந்தா. ரெண்டு பருப்ப எடுத்துப் பகவதி கையில வச்சா.

கேள்வி கேட்டா கடலை குடுக்குற ஆள பகவதி அதுவரைக்கும் பாத்ததில்ல. இன்னும் எரிச்சலாச்சு.

எரிச்சலுக்குக் காரணம் இருந்துச்சு. தென்காசிப் பொண்ணு, சங்கீதக் கல்லூரியில மூணாவது வருஷம், வாய் கொஞ்சம் நீளம். அவ நடிக்கிற படம் 1934ல நடக்குற கதை. நாடகக் கம்பெனியில பாடி நடிக்கிற ரத்னாம்பாள்னு ஒருத்தியப் பத்தினது. பாடத் தெரிஞ்ச பொண்ணுதான் வேணும்னு நாப்பது பேரப் பாட வச்சு, பகவதியப் பிடிச்சாங்க. பிடிச்சுட்டு, பாட்ட ஒரு பெரிய பாடகிய வச்சு ரெக்கார்டு பண்ணிட்டாங்க. பேரு இருந்தாத்தான் படம் போகுமாம்.

நீச்சல் தெரிஞ்சவளாத் தேடிப் பிடிச்சு, கரையில உக்காந்து கைய ஆட்டுன்னு சொன்ன மாதிரி.

அந்தக் கை ஆட்டறதும் சரியில்லேன்னு ஒருத்தி சொல்றா. அதான் ரெஜினா.

ரெஜினாவோட வேலை வாய் பாக்கறது. காமிராவுக்குக் கீழ ஒரு முக்காலி, மடியில பாட்டுத் தாள். ஸ்பீக்கர்ல பாட்டு ஓடும். நடிக்கிறவங்க உதடு அதோட சேந்து போகுதான்னு பாப்பா. சேரலேன்னா கையத் தூக்குவா. தூக்குனா டைரக்டரே மறுபேச்சு பேச மாட்டாரு. ராயபுரத்துக்காரி. பகவதியவிட ஏழெட்டு வயசுதான் கூட. செட்டுல அவளுக்கு 'லிப் டீச்சர்'னு பேரு. பாதி மரியாதை, பாதி நக்கல்.

காலையிலேருந்து ஆறு டேக். ஆறு தடவையும் கை மேல போயிருந்துச்சு.

பாட்டு நாலு நிமிஷம். வெட்டே இல்லாம ஒரே ஷாட்டா எடுக்கணும்னு டைரக்டருக்கு ஆசை. கும்பகோணம் பக்கம் மூடிக் கிடந்த ஒரு அரிசி மில்ல நாடகக் கொட்டகையா மாத்தியிருந்தாங்க. கூரையில பதிச்ச கண்ணாடி ஓடு வழியா வெயில் மேடையில விழும். மதியம் தாண்டினா அது சுவருக்குப் போயிடும்.

டைரக்டர் கோவப்படல. இன்னும் ஒரு டேக்தாம்மா, ஆகலேன்னா பாட்டத் துண்டு துண்டா வெட்டிக்கலாம், ஆர்மோனியக்காரர் விரலு, கூட்டத்துல ரெண்டு முகம், நடுவுல உன் முகம் அங்கங்கன்னு தன்மையாச் சொல்லிட்டுப் போயிட்டாரு.

குரல் ஏற்கனவே போச்சு. இப்ப மூஞ்சியும் போகப் போகுது.

பகவதி மறுபடி முக்காலிக்கு முன்னாடி வந்து நின்னா. எந்த எடத்துல லிப் விட்டேன், எந்த வார்த்தைன்னு கேட்டா.

"எங்கயும் விடல. எல்லாம் கரெக்ட்."

அப்ப எதுக்குக் கையத் தூக்குனீங்க, ஆறு தடவை தூக்குனீங்களே, கை வலிக்கலியான்னு பகவதி எகிறுனா. பக்கத்துல ட்ராலி தள்ளுறவரு சிரிப்ப அடக்கிக்கிட்டுத் திரும்பிக்கிட்டாரு.

ரெஜினா எந்திரிச்சா. மேடை ஓரத்துல, நாடகம் தொடங்க முன்னாடி கும்புடறதுக்குன்னு ஒரு சாமி படமும் அகல் விளக்கும் வச்சிருந்தாங்க. விளக்கு நெசமாவே எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அத எடுத்துட்டு வந்து பகவதி வாய்க்கு நேரா ஒரு சாண் தள்ளிப் பிடிச்சா.

பாட்டப் போடச் சொன்னா.

நடுக்கடலில் விளக்கேற்றி நானிருந்தேன் தோழி
கரையேதும் தெரியாமல் காத்திருந்தேன் தோழி

பகவதி வாயசைச்சா. பல்லவி முழுக்க. ஒரு எழுத்து பிசகல.

சுடர் நேரா நின்னுச்சு.

"பாத்தீங்களா? அசையக்கூட இல்ல" அப்படின்னா பகவதி பெருமையா.

"ஆமா. செத்தவங்க வாய்கிட்ட வச்சாலும் அசையாது."

பகவதிக்கு மூஞ்சி செவந்து போச்சு. வழக்கமா அவதான் ஒருத்தர வாயடைக்க வைப்பா.

ஆனா விடல. நேரா சவுண்டு பாக்குற இக்பால் கிட்டப் போனா. ரெண்டாவது வரிய மட்டும் மூணு தடவ போடச் சொல்லிக் கேட்டா. திரும்பி வந்தப்ப நடையே வேற மாதிரி இருந்துச்சு.

தப்பு என்னோடது இல்ல, பாட்டோடதுன்னு ஆரம்பிச்சா. அந்த வரிய ஒரே மூச்சுல எவளாலயும் பாட முடியாது. அந்தப் பாடகியம்மாவும் நடுவுல மூச்செடுத்துத்தான் பாடியிருக்காங்க. ரெக்கார்டிங் முடிஞ்சப்புறம் மூச்சுச் சத்தத்த எல்லாம் வழிச்சு எடுத்துட்டாங்க. இக்பால் அண்ணனே ஒத்துக்கிட்டாரு, பதினோரு எடத்துல எடுத்தேன், கண்ணாடி மாதிரி இருக்குல்லன்னு பெருமையா வேற கேக்குறாரு.

"மூச்சே இல்லாத பாட்டுக்கு நான் எங்கேருந்துக்கா மூச்சு விடறது?"

"என்னக் கேட்டா? ரத்னாம்பாளக் கேளு."

"அவ கதையில வர்றவ."

"அவளுக்கு மைக் இருந்துச்சா?"

"1934ல ஏதுக்கா மைக்?"

"அப்ப கடைசி வரிசைக்கு எப்படிக் கேட்டுச்சு?"

பகவதி திரும்பிக் கடைசி வரிசையப் பாத்தா.

ரெஜினா பாட்டுத் தாள மடிச்சு முக்காலியில வச்சா. கூட்டத்துக்கு நடுவுல நடந்து போனா. ஊர்ப் பொம்பளைங்க நூறு பேரு, அந்தக் காலத்துச் சேலையும் கொசுவமுமா, தரையில உக்காந்திருந்தாங்க. அவங்களையும் தாண்டி, கடைசிப் பெஞ்சுல, சுவத்தோரமாப் போய் உக்காந்துக்கிட்டா.

அங்கேருந்து உதடு தெரியாது. முகமே எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான் தெரியும்.

போதாததுக்குக் கண்ண வேற மூடிக்கிட்டா.

டைரக்டர் தலையச் சொறிஞ்சாரு. மணி பன்னெண்டே கால். வெயில் மேடை நுனிக்கு வந்துருச்சு. ஓட்டுங்கன்னாரு.

பாட்டு ஆரம்பிச்சுச்சு. பகவதிக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. வாயசைக்கல, பாடவே செஞ்சா. கேக்கணும், அந்தப் பெஞ்சுக்காரிக்குக் கேக்கணும், கேட்டுட்டு எந்திரிச்சு ஓடணும்.

ஸ்பீக்கர் அவ குரல முழுங்கிருச்சு.

கடைசிப் பெஞ்சுல ரெஜினா கண்ணத் திறக்காமலே ஒரு கைய நீட்டி, மெதுவாக் கீழ எறக்குனா. டைரக்டர் பாத்தாரு. இக்பாலுக்குச் சைகை காட்டுனாரு. ஸ்பீக்கர் சத்தம் கொறைஞ்சு, கொறைஞ்சு, பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி ஆச்சு.

இப்ப கொட்டகையில ஒரு குரல்தான் நெறஞ்சுச்சு.

நடுக்கடலில் விளக்கேற்றி.

சுவருல போய் முட்டித் திரும்பி வந்துச்சு. இவ்வளவு தூரத்துக்கு அவ எப்பவும் பாடுனதில்ல. காலேஜுல மைக்குக்கு முன்னாடி உக்காந்து பாடிப் பழகுனவ. வயித்துலேருந்து இழுக்க வேண்டியிருந்துச்சு. இடுப்புச் சேலை இறுகுச்சு.

கரையேதும் தெரியாமல் வரைக்கும் வந்தா. காத்து தீந்து போச்சு. அடுத்த வார்த்தைக்கு ஒரு சொட்டு இல்ல.

வாயால காத்த அள்ளிக் குடிச்சா. தோள் ஏறி எறங்குச்சு. மூக்குத்தி நடுங்குச்சு. காலேஜா இருந்தா பாட்டு வாத்தியார் எந்திரிச்சே போயிருப்பாரு.

காத்திருந்தேன் தோழி.

முதல் வரிசையில ஒரு பொம்பள முந்தானையால வாயப் பொத்திக்கிட்டா. அப்படி நடிக்கச் சொல்லி யாரும் அவகிட்டச் சொல்லல.

பாட்டு முடிஞ்சுச்சு. முடிஞ்சதும் கூட்டம் கைதட்டணும்னு காலையிலேருந்து ஒத்திகை பாத்திருந்தாங்க. ஒருத்தரும் தட்டல. மறந்துட்டாங்க.

கெடுத்துட்டோம்னு நெனச்சா பகவதி. கடைசிப் பெஞ்சப் பாத்தா.

ரெஜினா கண்ணத் திறந்திருந்தா. கடலை உரிச்சுக்கிட்டு இருந்தா. ரெண்டு கையும் மடியிலதான் இருந்துச்சு.

டைரக்டர் ஓகேன்னாரு.

மூணு மாசம் கழிச்சு ரெஜினாகிட்டேருந்து போன் வந்துச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு வடபழனி ஸ்டுடியோவுக்கு வா, மைக்கு முன்னாடி வேலை இருக்குன்னா. அவ்வளவுதான் சொன்னா. வச்சுட்டா.

பகவதிக்கு அன்னிக்குத் தூக்கம் வரல. ஹாஸ்டல்ல யாருகிட்டயும் சொல்லல. ஆனா மிளகு போட்டு வெந்நி குடிக்கிறத எல்லாரும் பாத்தாங்க. காலையில ஆறு மணிக்கே மொட்டை மாடியில அந்தப் பாட்ட நாலு தடவ பாடிப் பாத்துட்டுத்தான் கெளம்புனா.

ஸ்டுடியோவுல இக்பால் இருந்தாரு. ஓரமா ஒரு நாற்காலியில ரெஜினா. இக்பால் நடந்ததச் சொன்னாரு. படத்தப் போட்டுப் பாத்தோம், உன் பாட்டு வந்ததும் என்னமோ ஒட்டலேன்னு எல்லாரும் சொன்னாங்க, லிப் சரியா இருக்கு, குரல் சரியா இருக்கு, எதுன்னு யாருக்கும் பிடிபடல, லிப் டீச்சர்தான் கண்டுபிடிச்சாங்க. திரையில பதினோரு எடத்துல நீ மூச்செடுக்குற, பாட்டுல ஒண்ணு கூட இல்ல.

"மூச்ச வழிச்சு எடுத்தது நான்தான். திரும்ப வைக்கணும்" அப்படின்னாரு.

பகவதி கண்ணாடித் தடுப்புக்கு உள்ள, மைக்குக்கு முன்னாடி போய் நின்னா. தம்புரா வைப்பீங்களாண்ணேன்னு கேட்டா.

இக்பால் சங்கடமா நெளிஞ்சாரு. "பாட வேணாம்மா. மூச்சு மட்டும்."

பகவதி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெஜினாவப் பாத்தா. திட்டறதுக்கு நாலு வார்த்தை நாக்கு நுனியில இருந்துச்சு, நாலும் நல்ல வார்த்தை இல்ல. ரெஜினாவோட ரெண்டு கையும் மடியில.

வெளக்க அணைச்சாங்க. திரையில ரத்னாம்பாள் வந்தா.

அந்தப் பெரிய பாடகியோட குரல் ஓடுச்சு. பிசிறே இல்ல. ரத்னாம்பாள் தோள் ஏறுன எடத்துல எல்லாம் பகவதி மூச்செடுத்தா. மொதல் ரெண்டு தப்பிப் போச்சு. வெறும் மூக்கால எடுத்தா. அப்புறம் கொட்டகை ஞாபகம் வந்துச்சு, கடைசிப் பெஞ்சு ஞாபகம் வந்துச்சு. வயித்துலேருந்து இழுத்தா. அந்த ரெண்டையும் திரும்ப எடுத்துக் குடுத்தா.

இக்பால் பதினொண்ணையும் பாட்டுல சேத்து ஓட்டுனாரு.

கரையேதும் தெரியாமல்.

இருட்டுல ஒரு பொம்பள காத்த அள்ளிக் குடிச்சா.

காத்திருந்தேன் தோழி.

பகவதி அசையாம நின்னா. பாட்டு முடிஞ்சும் திரையவே பாத்துக்கிட்டு இருந்தா.

இக்பாலுக்குத் தன் வேலை மேல கொஞ்சம் கர்வம் உண்டு. வித்தியாசம் தெரியணும்ல, மூச்ச எடுத்துட்டு ஒரு தடவ ஓட்டவாம்மான்னு கேட்டாரு.

"வேணாம்ணே" அப்படின்னா பகவதி. "அவ செத்துருவா."