மூன்றாவது வரி

அருளம்பலச் சாமியின் மடத்துக்கு மாதம் ஒருமுறை வருகிற சீடர்களில் புகழேந்தியும் ஒருவர். ஐம்பத்தாறு வயது. தலைநகரில், நாட்டில் யார் யார் எதனால் செத்தார்கள் என்று பட்டியல் போடுகிற அலுவலகத்தில் பெரிய அதிகாரி. அன்று வந்தவர் கும்பிட்டுவிட்டு, நலம்கூட விசாரிக்காமல் கேட்டார்.

“சாமி, தொற்று வந்த வருஷத்துப் பட்டியல் முடிஞ்சிடுச்சு. சாவு விகிதம் ஏறியிருக்கு. முதல் காரணம் இதய நோய், ரெண்டாவது தொற்று. எங்க அக்கா செங்கமலம் முதல் காரணத்துல சேர்ந்திருக்காங்க. அது சரியா?”

“பட்டியல் போடுறவன் நீ. என்னைக் கேட்கிறே?”

புகழேந்தி முற்றத்துத் தரையில் உட்கார்ந்தார்.

“எப்படிப் போடுவீங்க? அதைச் சொல்லு.”

நடைமுறையைக் கேட்டால் அதிகாரிகளுக்கு உயிர் வந்துவிடும். புகழேந்தி விளக்கினார். டாக்டர் நிரப்பும் படிவத்தில் மூன்று வரி உண்டு. முதல் வரியில் சாவுக்குக் காரணம். இரண்டாவதில் அந்தக் காரணத்துக்குக் காரணம். மூன்றாவதில் அதற்கும் காரணம். எல்லாவற்றுக்கும் கீழே இருப்பதுதான் நாட்டுப் பட்டியலில் ஏறும். ‘மூச்சு நின்றது’ என்று முதல் வரியோடு நிறுத்துகிற டாக்டர்களை அவர் விடவே மாட்டார். ‘எதனால்?’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்புவார்.

சாமி ஒரு குச்சியை எடுத்து முற்றத்து மண்ணில் மூன்று கோடு கிழித்தார்.

“அக்காவுக்கு என்ன எழுதியிருந்தது?”

“மாரடைப்பு. ஒரே வரி.”

“திருப்பி அனுப்பினியா?”

“இல்ல சாமி. நானே கையெழுத்துப் போட்டு ஏத்திட்டேன்.”

சாமி குச்சியை அவர் கையில் கொடுத்தார். புகழேந்தி முதல் கோட்டின் மேல் ‘மாரடைப்பு’ என்று எழுதிவிட்டு நிறுத்தினார்.

“எதனால?”

“மதியம் போன் பண்ணாங்க. நெஞ்சு அடைக்குதுடா, ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமான்னு கேட்டாங்க. எந்த ஆஸ்பத்திரியில எத்தனை பேருக்குத் தொத்துன்னு அன்னைக்கு விவரம் என் மேஜையில இருந்துச்சு. அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதக்கா, வாயுவா இருக்கும், சுக்குத் தண்ணி குடின்னு சொன்னேன். சாயங்காலம் போயிட்டாங்க.”

இரண்டாவது கோட்டின் மேல் தன் பெயரை எழுதினார். தண்டனை முடிந்ததுபோல் குச்சியைக் கீழே வைக்கப் போனார்.

“இன்னும் ஒரு கோடு இருக்கு” என்றார் சாமி. “இவன் எதனால அப்படிச் சொன்னான்?”

புகழேந்தி குச்சியை மூன்றாவது கோட்டின் மேல் வைத்தார்.

“பயம் சாமி. ஆஸ்பத்திரியில சேர்த்தா, முகத்தைக்கூடக் காட்டாம எடுத்துட்டுப் போயிடுவாங்களேன்னு பயம். அக்காதான் என்னை வளர்த்தாங்க. அவங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?”

“அவங்க போன அன்னைக்கு என்ன பண்ணினே?”

“ரோட்டை அடைச்சிருந்தாங்க. ஊருக்குப் போக முடியல. அன்னைக்குச் செத்தவங்க பட்டியலை முடிச்சு மேல அனுப்பினேன். மறுநாளும் அனுப்பினேன்.”

சாமி குச்சியை வாங்கித் தள்ளி வைத்தார்.

“உனக்கு இன்னைக்குத்தான்டா அக்கா செத்திருக்கா. அழு.”