காத்துக்கருப்புக்குப் பேர் வந்த கதை

அந்தக் காலத்தில் ஆடு மாடு மட்டுமல்ல, காற்றும் பேசும்; வெயில் புகாத மரத்தடியில் குடியிருக்கும் கருப்பும் பேசும். எல்லாவற்றுக்கும் ஒரு பேர் இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாக வேண்டும். பேர் சொல்லிப் போகச் சொன்னால் போயாக வேண்டும்.

ஒச்சம்மா ஆடு மேய்த்துப் பிழைத்தவள். அவளுக்கு ஒரே மகள், சிலம்பாயி. ஒருநாள் ஆடுகளோடு போன சிலம்பாயி உச்சிவெயிலில் திரும்பி வந்தாள். கண் நிலைகுத்தியிருந்தது. தாயை அடையாளம் தெரியவில்லை. தொண்டையில் தண்ணீர்கூட இறங்கவில்லை.

“காய்ச்சலே, போ” என்றாள் ஒச்சம்மா.

காய்ச்சல் வாசலில் வந்து நின்று, “நான் உன் மகளைத் தொடவே இல்லையே” என்றது. பாம்பைக் கூப்பிட்டாள். பாம்பும் அதையேதான் சொன்னது.

மூன்றாம் நாள் பிள்ளைக்கு மூச்சு மெலிந்தது. அப்போது கிடாய் சொன்னது: “புளியமரத்தடியில கண் அசந்தா. எந்திரிச்சதுல இருந்து இப்படித்தான். காத்தும் கருப்பும் அங்கதான் இருந்தாங்க, போய்க் கேளு.”

ஒச்சம்மா ஓடினாள்.

“ஏதோ ஒண்ணு என்கூட வந்துச்சு, தாயி” என்றது காற்று. “மண்ணுல முளைச்சதில்ல, வயித்துல பொறந்ததும் இல்ல.”

“எங்கிட்டதான் நின்னுச்சு” என்றது கருப்பு. “பேர் கேட்டேன். இல்லைன்னு சொல்லுச்சு.”

பேர் இல்லாததை எப்படிப் போகச் சொல்வது? ஒச்சம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “உங்க ரெண்டு பேர் பேரையும் குடுங்க. சேத்து அதுக்கு வச்சிடுறேன்.”

காற்று தயங்கியது. “குடுத்துட்டா, இனிமே யார் கூப்பிட்டாலும் என்னையா, அதையான்னு தெரியாது. நான் யாருக்குமே பதில் சொல்ல முடியாமப் போயிடும்.”

“நான் பேசாமலே இருந்துக்குறேன்” என்றது கருப்பு. “பிள்ளை பிழைக்கட்டும்.”

காற்று புளியமரத்தை ஒருமுறை சுற்றி வந்தது. கடைசியில், “சரி, எடுத்துக்கோ” என்றது.

ஒச்சம்மா வீட்டுக்கு ஓடி வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “காத்துக்கருப்பே, எம் பிள்ளைய விட்டுட்டுப் போ.”

அதை யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. கதவு ஒருமுறை அடித்துக்கொண்டது. சிலம்பாயி கண்ணைச் சிமிட்டினாள்.

“அம்மா, தண்ணி” என்றாள்.

மறுநாள் ஒச்சம்மா புளியமரத்தடிக்குப் போய், “காத்தண்ணே” என்று கூப்பிட்டாள். இலைகள் ஆடின, பதில் வரவில்லை. கருப்பும் வாய் திறக்கவில்லை. கும்பிட்டுவிட்டு நெடுநேரம் அங்கேயே நின்றாள்.

அன்று முதல்தான், என்னவென்றே தெரியாமல் வந்து தொடுகிற ஒன்றை நாம் காத்துக்கருப்பு என்கிறோம். பேர் வந்துவிட்டதால், கூப்பிட்டால் அதுவும் திரும்பிப் பார்க்கும். அதனால்தான் அந்தப் பேரைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம்.