வால் இழந்த வாக்கியம்

கடலோரக் கல்லூரி ஒன்றில் சகாயராணி என்று ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தாள். அலையாத்தி மரங்களைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். மழை தூறிய ஒரு பிற்பகலில், நூலகத்துக் கணினித் திரையிலிருந்து ஒரு வாக்கியம் இறங்கி வந்து மேசைமேல் நின்றது.

"அலையாத்தி நட்டால் இறால் இரண்டு மடங்கு பெருகும்." இதுதான் அந்த வாக்கியம். நல்ல உயரம், நல்ல பளபளப்பு.

"என்னை உன் ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்," என்றது.

அவளுக்கும் ஆசைதான். காலையில்தான் ஊரிலிருந்து சேவியர் மாமா போன் செய்திருந்தார். "பாப்பா, ஓடை முழுக்க அலையாத்தி நடலாம்னு இங்க பேச்சு. நட்டா நாலஞ்சு வருசம் அங்க வலை போட முடியாது. இறால் பெருகும்னு நீ ஒரு வார்த்தை சொன்னா, ஊர்க் கூட்டத்துல எழுந்து சொல்லிருவேன்."

அந்த ஓடையை நம்பித்தான் பாதி ஊர் சாப்பிடுகிறது.

"நீ எங்க பிறந்த?" என்று வாக்கியத்திடம் கேட்டாள்.

வாக்கியம் விழித்தது. "பிறந்த இடமா? நான்தான் எல்லா இடத்திலும் இருக்கிறேனே!"

"இருக்கட்டும். பெத்தவங்கன்னு ஒருத்தர் இருப்பாங்கல்ல? வா, போய்ப் பார்ப்போம்."

அவள் விரல் பட்டதும் திரை தண்ணீராய் விலகியது. இருவரும் உள்ளே நடந்தார்கள். அங்கே வெயிலும் இல்லை, இருட்டும் இல்லை. வீடுகள் படகுகளைப் போல மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வீடும் ஓர் இணையப் பக்கம்.

முதல் வீடு முழுக்க விளம்பர விளக்குகள். "வாங்க வாங்க! முதல்ல இந்தக் குக்கீயை எடுத்துக்குங்க!" என்று வாசலிலேயே மறித்தது.

"இது உங்க பிள்ளையா?"

"செல்லப் பிள்ளையாச்சே! இதைப் பார்க்கத்தான் இத்தனை பேர் வர்றாங்க."

"நீங்க பெத்ததா?"

வீடு ஒரு விளம்பரத்தை இழுத்து முகத்தை மூடிக்கொண்டது. "பக்கத்து வீட்லேர்ந்து வந்தது."

பக்கத்து வீடு எதிர் வீட்டைக் காட்டியது. எதிர் வீடு, விளக்கெரிந்த முதல் வீட்டையே காட்டியது.

வாக்கியத்தின் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு யாருமே இல்லையா?"

தெருக்கோடியில் ஒரு பெரிய வீடு. ஆட்கள் ஒரு பக்கம் செங்கல் அடுக்க, இன்னொரு பக்கம் உருவிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கலைக்களஞ்சிய வீடு சொன்னது: "நானும் பெத்தவ இல்லம்மா. ஆனா இது இங்க வந்தப்போ முதுகுல ஓர் அடிக்குறிப்பு எண் இருந்தது. அந்த எண்ணையும் கட்டுரைப் பேரையும் இந்தச் சீட்டுல எழுதித் தர்றேன், அது காட்டுற வழியில போங்க. நடுவுல ஒரு பாலம் இடிஞ்சு கிடக்கும்."

இடிந்துதான் கிடந்தது. அக்கரை தெரியவில்லை. கீழே வெறும் வெள்ளை. சகாயராணி திரும்பிவிடவில்லை. சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதியிருந்த கட்டுரையின் பெயரை உரக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். வேறொரு திசையிலிருந்து, வெகு தூரத்தில், யாரோ "ம்" என்றார்கள்.

அங்கே ஒரு பழைய ஆய்வுக்கட்டுரை தனியாக உட்கார்ந்திருந்தது. நகலெடுத்தவர் கோணலாக வைத்துவிட்டதால் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஓரத்தில் யாருடைய விரலோ நிழலாய்ப் பதிந்திருந்தது.

வாக்கியத்தைக் கண்டதும் அது கையை நீட்டியது. "வந்துட்டியா? என்ன இப்படி வளந்துட்ட!"

"நான் உங்கள் பிள்ளைதானா?"

"பிள்ளைதான். ஆனா உன் வால் எங்க?" என்று கேட்டுவிட்டு, கட்டுரை தன் மடியைக் காட்டியது. அங்கே இப்படி எழுதியிருந்தது: 'நாங்கள் நட்ட ஓடையில் இறால் இரண்டு மடங்கு ஆனது. அதற்கு அலையாத்தியும் ஒரு காரணமாக இருக்கலாம்.'

"நான் பார்த்தது ஒரே ஓர் ஓடை," என்றது கட்டுரை. "அந்த வருசம் ஆத்துல தண்ணியும் நிறைய வந்தது. மரத்தாலயா, தண்ணியாலயான்னு எனக்குத் தெரியல. தெரியலன்னு எழுதியும் வெச்சேன். போற வழியில ஒவ்வொருத்தரா வெட்டிட்டாங்கபோல."

தூரத்தில் விளக்கெரிந்த வீடு கூப்பிட்டது: "செல்லம், வந்துடு!"

வாக்கியம் அந்தப் பக்கம் பார்த்தது. "வாலோடு போனால் அங்கே யாரும் என்னைச் சேர்க்கமாட்டார்கள்."

"நான் சேர்த்துக்குவேன்," என்றாள் சகாயராணி.

விளக்குகளுக்கு முதுகைக் காட்டி அது குனிந்தது. கட்டுரையின் மடியில் கிடந்த 'இருக்கலாம்' என்ற வாலை எடுத்து ஒட்டிக்கொண்டது. உயரம் குறைந்தது. பளபளப்பும் போயிற்று. அவள் அதைக் கைப்பிடித்து அழைத்துவந்து, தன் ஆய்வேட்டில் ஓர் ஓரமாக உட்காரவைத்தாள்.

பிறகு மாமாவுக்குப் போன் போட்டாள்.

"மாமா, ஒரு ஓடையில பெருகியிருக்கு. ஆனா மரத்தாலதான்னு உறுதியாச் சொல்ல முடியல."

அந்தப் பக்கம் கடல் இரைச்சலுக்கு மேல் மாமா குரலை உயர்த்தினார். "கூட்டத்துல நான் என்னன்னு சொல்ல?"

"இதையே சொல்லுங்க."

"சிரிப்பாங்க, பாப்பா."

"சிரிக்கட்டும் மாமா."

கூட்டத்தில் சிரித்தார்கள்தான். சிரிப்பு அடங்கியதும் ஒரு பெண் எழுந்து, "அப்பன்னா பாதி ஓடையில மட்டும் நட்டுப் பார்ப்போமே," என்றாள்.

பாதி ஓடையில் நட்ட கன்றுகள் இடுப்பளவு வளர்ந்த பிறகு ஒரு காலையில் சகாயராணி ஊருக்கு வந்தாள். கணக்கெடுக்க மட்டும் என்று ஊரைக் கேட்டு, நட்ட பக்கம் ஒரு முறை, நடாத பக்கம் ஒரு முறை, மாமா வலை வீசினார். அவள் ஈரக் கையோடு எண்ணினாள். படகின் விளிம்பில், இன்னும் கண் திறக்காத புது வாக்கியம் ஒன்று சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

யாரும் அதைத் தட்டி எழுப்பவில்லை.