விலை ஏறாத ராஜ்யம்

முன்னொரு காலத்தில், விலைவாசியை ஓர் உத்தரவு போட்டே கட்டி வைத்துவிடலாம் என்று நம்பிய ராஜா ஒருவர் இருந்தார். மழை பொய்த்த வருஷம் அது. ஒருநாள் காலையில் திடீரென்று சபையைக் கூட்டினார்.

"என் ராஜ்யத்தில் அரிசி விலை ஏறக்கூடாது. ஒரு படி இன்றைக்கு என்ன விலையோ, அதுதான் என்றைக்கும். ஏறினால் மந்திரிக்குப் பதவி இருக்காது."

வியாபார மந்திரி வல்லபராயர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "அப்படியே ஆகட்டும், மகாராஜா" என்றார்.

தயங்காததுதான் அரசவை விகடகவி தாண்டவனுக்கு உறுத்தியது.

சீக்கிரமே கடைகளுக்கெல்லாம் ராஜமுத்திரை குத்திய புதுப் படி வந்தது. 'இந்த நாட்டில் யாராக இருந்தாலும் இந்தப் படியால்தான் அளக்க வேண்டும், வேறு படி எடுத்தவன் கை போகும்' என்று தண்டோரா போட்டார்கள். விலை ஏறவில்லை. அதில் பொய்யில்லை.

ஆனால் தெருவில் ஏதோ சரியில்லை. சாயங்காலம் பிள்ளைகள் விளையாட வரவில்லை. கடைக்காரர்கள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. "என்ன அண்ணாச்சி, சௌக்கியமா?" என்று கேட்டால், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "மகாராஜா புண்ணியத்தில் எல்லாம் சௌக்கியம்" என்றார்கள்.

தாண்டவன் சபையில் வாயைத் திறந்தான். "மகாராஜா, ஊர் பட்டினி கிடக்கிறது."

"விலைதான் ஏறவில்லையே?"

வல்லபராயர் கண்ணைக் காட்ட, ஆஸ்தான பண்டிதர் சோமாசியார் எழுந்தார். "விலை நிலையாக நிற்கிறது, மகாராஜா. ஜனங்களின் பசிதான் ஏறிவிட்டது. செழிப்பான நாடுகளில் இது சகஜம். சாஸ்திரத்தில் இருக்கிறது."

"எந்த சாஸ்திரத்தில், பண்டிதரே?" என்றான் தாண்டவன்.

"எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்றார் அவர்.

வல்லபராயர் குரலைத் தணித்துக்கொண்டார். "ராஜாக்ஞை தோற்றுவிட்டது என்கிறார் விகடகவி. நிரூபிக்கட்டும். பௌர்ணமிக்குள் முடியாவிட்டால், பொய் சொன்ன அந்த நாக்கை மகாராஜா எடுத்துக்கொள்ளட்டும்."

வலை கச்சிதமாக விழுந்தது. ஊரில் ஒருவரும் சாட்சிக்கு வரமாட்டார்கள் என்பது இருவருக்குமே தெரியும்.

ராஜா தாண்டவனை ஏற இறங்கப் பார்த்தார். "சம்மதமா? உனக்கு என்ன வேண்டும்?"

"சம்மதம். பௌர்ணமி வரை அரண்மனை மடப்பள்ளி என் மேற்பார்வையில் இருக்கட்டும், மகாராஜா."

"நாக்கு போவதற்குள் ருசி பார்த்துக்கொள்கிறான், பாவம்" என்றார் வல்லபராயர். சபை சிரித்தது. சபை கலைந்ததும் அவர் முதலில் செய்த காரியம், மடப்பள்ளியில் தன் காவலர்களை நிறுத்தியது. "ஒரு மணி அரிசி வெளியே போனாலும் எனக்குத் தெரிய வேண்டும்."

அந்த வம்சத்தில் ஒரு வழக்கம். ராஜாவுக்கு உச்சிவேளையில் தனிப் பானையில் ஒரு படி அரிசி. ஒரு நாளைக்கு ஒரே உலைதான், இரண்டாவது உலை குலத்துக்கு ஆகாது. ராஜாவோ மலை மாதிரி ஆள். அந்த ஒரு படிச் சோறு அவருக்குச் சரியாக இருக்கும்.

தாண்டவன் பொறுப்பேற்ற அன்றைக்கு, ரசத்தோடு சோறு தீர்ந்துபோனது.

"மோருக்குச் சோறு எங்கே?"

"பானை காலி, மகாராஜா."

மறுநாளும் அப்படியே. ராஜா பரிமாறுகிறவனைச் சந்தேகப்பட்டு ஆளை மாற்றினார். சமையல்காரரைச் சந்தேகப்பட்டு, தன் கண்ணெதிரே சோறு வடிக்கச் சொன்னார். அரண்மனைப் பூனையைக் கட்டிப்போட்டார். "நேற்று மடப்பள்ளிப் பக்கம் போனாயாமே?" என்று ராணியையே கேட்டுவிட்டார். அதற்கப்புறம் ராணி அவரோடு பேசவில்லை.

வல்லபராயர் மட்டும் தெளிவாக இருந்தார். "திருடன் யாரென்று நான் சொல்லவும் வேண்டுமா?"

பௌர்ணமியன்று சபை கூடியது. ராஜாவின் இடைக்கச்சை தொளதொளத்துக் கிடந்தது.

"தாண்டவா, என் சோற்றைத் திருடினாயா?"

"நான் சொன்னால் யார் நம்புவார்கள்? மந்திரியாரின் காவலர்களைக் கேளுங்கள்."

காவலர் தலைவன் விறைப்பாக முன்னால் வந்தான். "இல்லை, மகாராஜா. தினமும் அளக்கும்போது பக்கத்திலேயே நின்றோம். தலைதட்டி ஒரு படி. உலையில் போடும்போதும் நின்றோம். ஒரு மணிகூட வெளியே போகவில்லை." மெச்சுவார் என்று எஜமானரைப் பார்த்தான். வல்லபராயரின் முகம் கறுத்திருந்தது.

"அளந்தது ஒரு படி. வெந்தது ஒரு படி. அப்புறம் என் வயிறு ஏன் காலியாக இருக்கிறது?"

"பண்டிதரைக் கேட்கலாமே" என்றான் தாண்டவன்.

சோமாசியார் பழக்கதோஷத்தில் எழுந்தார். "மகாராஜாவுக்குப் பசி ஏறியிருக்கிறது. செழிப்பான நாடுகளில்..." ராஜாவின் பார்வையைக் கண்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தாண்டவன் இரண்டு படிகளைக் கொண்டுவந்து வைத்தான். ஒன்று அரண்மனையின் பழைய வெண்கலப் படி. மற்றது கடைவீதியின் முத்திரைப் படி. ஒரே உயரம், ஒரே வாய்.

"யாராக இருந்தாலும் முத்திரைப் படி என்று தண்டோரா சொன்னது. இங்கே மட்டும் பழைய படியால் அளந்துகொண்டிருந்தார்கள். சமையல்காரர் கை போய்விடுமே என்று பயந்து, வந்த அன்றே மாற்றிவிட்டேன். உங்கள் சட்டத்தைத்தான் சாப்பிட்டீர்கள், மகாராஜா."

வெண்கலப் படி நிறைய அரிசி எடுத்து முத்திரைப் படியில் கொட்டினான். அது நிரம்பி வழிந்து, தரையில் ஒரு குவியல் சேர்ந்தது. படியைக் கவிழ்த்துவிட்டு ராஜா உள்ளே கைவிட்டுப் பார்த்தார். பாதி ஆழத்திலேயே விரல் தட்டியது. அடித்தட்டை உள்ளே ஏற்றி வைத்திருந்தார்கள்.

"விலையை ஏற்றாதே என்பதுதான் உத்தரவு" என்றார் வல்லபராயர், வறண்ட குரலில். "நான் ஏற்றவில்லையே."

ராஜா தாண்டவன் பக்கம் திரும்பினார். "படியைச் சரிசெய்தால் விலை ஏறிவிடுமே?"

"அது ஏறி ரொம்ப நாளாகிறது, மகாராஜா. உங்களுக்கு இன்றைக்குத்தான் தகவல் வந்திருக்கிறது."

ராஜா அவனையே வெறித்தார். பிறகு அந்தக் காலி வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். முத்திரைப் படிகளை உடைக்கச் சொன்னார். மழை வரும்வரை அரண்மனைக் களஞ்சியத்தை ஊருக்குத் திறந்துவிடச் சொன்னார். வல்லபராயரைப் பதவியிலிருந்து இறக்கினார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் தாண்டவனிடம் கொடுத்தார்.

தாண்டவன் ஒரு முத்தை எடுத்துப் பல்லில் உரசிப் பார்த்தான்.

"என்னடா, என்னையே சந்தேகப்படுகிறாயா?"

"தப்பாக நினைக்காதீர்கள், மகாராஜா. ஊரில் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் வந்துவிட்டது. போக நாளாகும்."

ராஜா மறுபடியும் சிரித்தார். இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக.